சிங்கப்பூரில் வேலை, ஊரில் வங்கிக் கணக்கு: வரிக்கு நான் எந்த நாட்டில் குடியிருப்பவர்?

கேட்டவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். 2023 நவம்பர் 20-ஆம் தேதி எஸ் பாஸ் என்னும் வேலை அனுமதியில் சிங்கப்பூர் போனார். மனைவி, பிள்ளை, பெற்றோர் எல்லாரும் ஊரில். பழைய சேமிப்புக் கணக்கு அப்படியே இருக்கிறது; அதன் ஏ.டி.எம். கார்டு அப்பா கையில். இப்போது அந்த வங்கியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது: "வரி நோக்கில் நீங்கள் எந்த நாட்டில் குடியிருப்பவர்?" சிங்கப்பூரில் கணக்கு திறந்தபோதும் இதே கேள்விதான் இருந்தது. "பாஸ்போர்ட் இந்தியாதானே, இந்தியா என்று போடு" என்று அறை நண்பர் சொன்னதைக் கேட்டு இந்தியா என்று எழுதியிருக்கிறார். இப்போதும் அதையே எழுதலாமா, சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி வருமா, வங்கிகள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்கின்றனவா என்பவை அவருடைய கேள்விகள்.

உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் என்.ஆர்.ஐ. கோப்புகளில் நான் பார்க்கும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது. அந்தப் படிவம் குடியுரிமையைக் கேட்கவில்லை. ஒரு குறிப்பிட்ட ஆண்டில், எந்த நாட்டின் வரிச் சட்டம் உங்களைத் தன் குடியிருப்பாளராகக் கணக்கில் எடுக்கிறது என்று கேட்கிறது. அதை முடிவு செய்வது பாஸ்போர்ட்டின் அட்டை அல்ல, உள்பக்கங்களில் குடிநுழைவுத் துறை குத்திய முத்திரைகள்.

முதலில் இந்தியச் சட்டப்படி எண்ணிப் பார்ப்போம். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஓர் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் ரெசிடென்ட், அதாவது வரிக் குடியிருப்பாளர். இன்னொரு வழியும் உண்டு: அந்த ஆண்டில் 60 நாள், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்தாலும் ரெசிடென்ட்தான். ஆனால் வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகனுக்குக் கிளம்பிய ஆண்டிலும், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு வந்துபோகும் ஆண்டுகளிலும் இந்த 60 என்பது 182 ஆகிவிடும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. இந்த நாள் கணக்கு அதிலும் இதேதான்.

உங்கள் கணக்கைப் போடுவோம். ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பரில் கிளம்பிய நாளையும் சேர்த்து 20. மொத்தம் 234. ஆக, 2023-24-க்கு நீங்கள் இந்தியாவின் முழு ரெசிடென்ட். செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறியிருந்தால் 181 நாளோடு நின்றிருக்கும். அந்த ஆண்டே என்.ஆர்.ஐ. ஆகியிருப்பீர்கள். வேலைக்குக் கிளம்பும் யாரும் இதைக் கேட்டுவிட்டுக் கிளம்புவதில்லை, கேட்டாலும் வேலை காத்திருக்காது. அதனால் இது உங்கள் குற்றமில்லை. ஆனால் இதற்கு ஒரு விளைவு உண்டு. ரெசிடென்ட் ஆண்டில் உலகத்தில் எங்கு சம்பாதித்தாலும் அது இந்திய ரிட்டர்னில் வர வேண்டும். அதாவது 2023 நவம்பர் கடைசியிலிருந்து 2024 மார்ச் வரை வாங்கிய சிங்கப்பூர்ச் சம்பளமும். நீங்களோ ஊரில் ஒரு கணினி மையத்தில் கொடுத்து, சகஜ் எனப்படும் ஐ.டி.ஆர்.-1 படிவத்தில், ஊரில் வேலை பார்த்த மாதங்களின் சம்பளத்தை மட்டும் காட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டில் கணக்கு உள்ள ரெசிடென்ட் அந்தப் படிவத்தைப் பயன்படுத்தவே கூடாது. ஐ.டி.ஆர்.-2 போட்டு, அதில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் சிங்கப்பூர் வங்கிக் கணக்கையும் காட்டியிருக்க வேண்டும்.

2024-25 முதல் கதை வேறு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சில வாரம் வந்துபோனதாகச் சொல்கிறீர்கள். 182-ஐ அது எட்டவே எட்டாது. அந்த ஆண்டுகளில் நீங்கள் நான்-ரெசிடென்ட், அதாவது இந்தியாவின் வரிக் குடியிருப்பாளர் அல்லாதவர். சிங்கப்பூரில் செய்யும் வேலைக்கு அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்பினாலும் வரி இல்லை. மனைவிக்கும் பெற்றோருக்கும் அனுப்பினாலும் இல்லை. இந்தக் கடைசிக் கேள்வியை ஒவ்வொருவரும் பயந்து பயந்து கேட்கிறார்கள், பயப்படத் தேவையே இல்லை. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: சம்பளம் முதலில் வெளிநாட்டுக் கணக்கில் விழட்டும், பிறகு ஊருக்கு அனுப்புங்கள். நேரடியாக இந்தியாவில் வாங்கினால் "இந்தியாவில் பெறப்பட்ட வருமானம்" என்ற வாதத்துக்கு இடம் கொடுக்கும். தூத்துக்குடிப் பக்கத்துக் கப்பல்காரர்களுக்கு இந்தத் தொல்லை நிறைய வந்துதான், வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்க்கும் நான்-ரெசிடென்டின் சம்பளம் என்.ஆர்.இ. கணக்கில் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை வைக்கும் இந்திய வங்கிக் கணக்கு) வந்து விழுந்தது என்பதற்காக மட்டும் வரி போடக் கூடாது என்று 2017 ஏப்ரலில் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கையே விட்டது.

இனி வங்கிகளுக்கு வருவோம். ஆம், சொல்லிக்கொள்கின்றன. ஒரு வங்கி இன்னொரு வங்கியிடம் அல்ல. வங்கி தன் நாட்டு வரித் துறையிடம், அது மற்ற நாட்டு வரித் துறையிடம். சி.ஆர்.எஸ். என்று இதற்குப் பெயர். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2014-இல் வகுத்த முறை இது. இந்தியா 2017-இலும் சிங்கப்பூரும் அமீரகமும் 2018-இலும் தகவல் பரிமாற்றத்தைத் தொடங்கின. பெயர், முகவரி, பிறந்த தேதி, வரி எண், கணக்கு எண், டிசம்பர் 31 அன்று இருந்த இருப்பு, அந்த ஆண்டு வந்த வட்டி ஆகியவை அடுத்த ஆண்டு செப்டம்பருக்குள் போய்ச் சேரும். தனிநபர் கணக்குக்கு இத்தனை ரூபாய்க்கு மேல் இருந்தால்தான் என்ற வரம்பு கிடையாது. "என் கணக்கில் என்ன பெரிய பணம் இருக்கிறது" என்பது இங்கே செல்லாது.

யாருடைய தகவல் எங்கே போகும் என்பதை முடிவு செய்வது, நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்தப் படிவம். சிங்கப்பூர் வங்கியிடம் "இந்தியா" என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். 2023 டிசம்பருக்கு அது தற்செயலாகச் சரியாகவே அமைந்துவிட்டது. அந்த ஆண்டு நீங்கள் இந்திய ரெசிடென்ட்தான். ஆனால் அதன் பிறகு மாற்றவில்லை. ஆகவே 2024, 2025 டிசம்பர் இருப்புகளும் இந்திய வரித் துறையின் கோப்புக்கு வந்துகொண்டிருக்கும். அங்கே கணினி என்ன பார்க்கிறது? ஒரு பான் எண், ரெசிடென்ட் என்று போட்ட சகஜ் ரிட்டர்ன், சிங்கப்பூரிலிருந்து வந்த கணக்கு விவரம், ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலே இல்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் வருமான வரித் துறை இப்படிப் பொருந்தாதவர்களைத் தேர்ந்தெடுத்துக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது. வரியே கட்ட வேண்டாத ஆண்டுக்காகவும் நீங்கள் பதில் எழுதிக்கொண்டிருக்க நேரும் என்பதுதான் இதில் வருத்தம். உங்களுக்கு உண்மையான ஆபத்து வரித் தொகை அல்ல, மூன்று இடத்தில் மூன்று விதமாகச் சொல்லி வைத்திருப்பதுதான்.

அதனால் முதல் வேலை சிங்கப்பூர் வங்கியில். செயலியிலேயே அந்தப் படிவத்தை, அதாவது சுய உறுதிமொழியை, புதுப்பிக்கும் இடம் பெரும்பாலும் இருக்கும். நாடு: சிங்கப்பூர். வரி எண்: உங்கள் வேலை அனுமதி அட்டையில் உள்ள ஃபின் எண் (வெளிநாட்டவருக்கு சிங்கப்பூர் தரும் அடையாள எண்). ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் அங்கே இருந்து வேலை பார்ப்பவரை சிங்கப்பூர் தன் வரிக் குடியிருப்பாளராக எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு 2024 முழுதும் அது பொருந்துகிறது. அந்த வங்கியில் இந்தியத் தொலைபேசி எண்ணோ ஊர் முகவரியோ கொடுத்திருந்தால் "இந்தியாவிலும் குடியிருப்பாளரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஒன்றும் தவறில்லை, வேலை அனுமதியையும் சிங்கப்பூர் வரி மதிப்பீட்டு அறிவிப்பையும் காட்டுங்கள். நிலை மாறினால் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்று அந்தப் படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். தெரிந்தே பொய் எழுதுவது அங்கே தண்டனைக்குரிய குற்றம்.

இந்திய வங்கியின் படிவத்திலும் இதே பதில்தான்: சிங்கப்பூர், ஃபின் எண். "அப்படி எழுதினால் ஊர்க் கணக்கு விவரம் சிங்கப்பூருக்குப் போய்விடுமே?" போகும். போகட்டும். தனிநபர் வெளிநாட்டிலிருந்து பெறும் வருமானத்துக்கு சிங்கப்பூர் வரி போடுவதில்லை. உங்கள் வைப்பு நிதி வட்டியை ஐராஸ் என்னும் சிங்கப்பூர் வரித் துறை பார்த்தாலும் அதில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. துபாயில் இருப்பவருக்கும் இதே நிம்மதிதான்; அமீரகம் தனிநபருக்கு வரி எண் தருவதில்லை என்பதால் படிவத்தில் "இந்த நாடு எண் வழங்குவதில்லை" என்ற காரணத்தைக் குறித்தால் போதும்.

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மைத்துனர் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவருக்கு இந்த நிம்மதி இல்லை, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கிரீன் கார்டு வாங்கியவரும், எச்1பி வேலை விசாவில் இருந்து நாள் கணக்குப்படி வரிக் குடியிருப்பாளர் ஆனவரும் உலக வருமானம் முழுவதையும் அங்கே காட்ட வேண்டும். இந்தியாவில் வரி இல்லாத என்.ஆர்.இ. வட்டி அங்கே வரிக்குரியது; நம் ஆட்களில் நிறையப் பேர் இதை ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். எல்லா வெளிநாட்டுக் கணக்குகளையும் சேர்த்து ஆண்டின் ஏதாவது ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்னும் தனி அறிக்கை. அப்பாவோடு கூட்டுக் கணக்கில் பெயர் மட்டும் இருந்தாலும், அந்தப் பணம் தன்னுடையது இல்லாவிட்டாலும், அது இந்தக் கணக்கில் சேரும். தெரியாமல் விட்டதற்கே 10,000 டாலர் என்று சட்டத்தில் இருந்த அபராதம் ஒவ்வொரு கணக்குக்குமா, ஓர் ஆண்டு அறிக்கைக்கா என்று வழக்கு நடந்து, அறிக்கைக்குத்தான் என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்திய மியூச்சுவல் ஃபண்டு வைத்திருந்தால் அதன் வரிக் கணக்கு இன்னும் கடுமை. அமெரிக்கா சி.ஆர்.எஸ்.-இல் இல்லை, 2010-இல் கொண்டுவந்த ஃபாட்கா என்ற தன் சொந்தச் சட்டத்தை வைத்திருக்கிறது. இந்தியா அதற்கு 2015 ஜூலையில் ஒப்பந்தம் போட்டது. அவர் அங்கே இந்தியக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய வரி ஆலோசகரிடம் போகட்டும், இந்திய ஆடிட்டர் மட்டும் போதாது.

மூன்றாவதாக ஒரு சட்டம் இருக்கிறது, அதுதான் உங்கள் அப்பா கையில் இருக்கும் கார்டைத் தொடுகிறது. ஃபெமா என்னும் அன்னியச் செலாவணிச் சட்டம் நாளை எண்ணுவதோடு நிற்பதில்லை, எதற்காகப் போனீர்கள் என்றும் பார்க்கிறது. வேலைக்கென்று கிளம்பிய நாளிலிருந்தே அதன் கண்ணில் நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். ஆக, 2023 நவம்பர் 20-க்குப் பிறகு வருமான வரிக்கு ரெசிடென்ட், ஃபெமாவுக்கு நான்-ரெசிடென்ட். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இதில் குழம்பாத ஆளை நான் பார்த்ததில்லை, வங்கி ஊழியர்கள் உட்பட.

ஃபெமாப்படி அந்தப் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (நான்-ரெசிடென்டின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றியிருக்க வேண்டும். மாற்றாததற்கு அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நீங்களாகப் போய் மாற்றும்போது வங்கிகள் பொதுவாகப் பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டு முகவரிச் சான்று வாங்கிக்கொண்டு மாற்றித் தருகின்றன. தள்ளிப்போடாதீர்கள். கூடவே ஒரு என்.ஆர்.இ. கணக்கும் திறந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணம் என்.ஆர்.இ.-க்கு, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளியே எடுத்துப் போகலாம். வீட்டு வாடகை, குத்தகை, ஊரில் வரும் எதுவானாலும் என்.ஆர்.ஓ.-வுக்கு. ஊரில் கிடைத்த ரொக்கத்தை என்.ஆர்.இ.-யில் கட்டக் கூடாது. அப்பா பணம் எடுக்க வேண்டுமென்றால் உங்கள் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுப்பது வழியல்ல. வங்கியில் ஒரு கடிதம் கொடுத்து அவருக்கு முறையாக அதிகாரம் கொடுங்கள், அவர் பெயரிலேயே கார்டு கிடைக்குமா என்றும் கேளுங்கள். பெரியவர் ஏ.டி.எம். வாசலில் திணறி நிற்கும்போது அந்த ஒரு காகிதம் பெரிய துணை.

என்.ஆர்.ஓ. ஆனதும் ஒரு அதிர்ச்சி வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். வட்டியில் 30 விழுக்காடும் அதன் மேல் 4 விழுக்காடு செஸும் பிடிப்பார்கள். உங்கள் வைப்பு நிதியின் வட்டி ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்றால் 24,960 போய்விடும். பிடித்தம் வேண்டாம் என்று அப்பா கொடுப்பது போல ஓர் உறுதிமொழிப் படிவம் (2026 மார்ச் வரை 15ஜி, 15எச்) உங்களால் கொடுக்க முடியாது. ஆனால் இந்தியாவில் உங்கள் மொத்த வருமானம் அவ்வளவுதான் என்றால், புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை; ஐ.டி.ஆர்.-2-இல் "நான்-ரெசிடென்ட்" என்று குறித்து ரிட்டர்ன் போட்டால் முழுதும் திரும்ப வரும். போடாமல் விட்டால் அந்தப் பணம் அரசுக்கே. ஐராஸிடம் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால், இந்தியா-சிங்கப்பூர் வரி ஒப்பந்தப்படி பிடித்தத்தை 15 விழுக்காடாகக் குறைக்கவும் கேட்கலாம். இவ்வளவு சிறிய தொகைக்கு அந்த அலைச்சல் தேவையா என்றால், என் கருத்தில் தேவையில்லை.

சிங்கப்பூர்ச் சம்பளம் விட்டுப்போன 2023-24 ரிட்டர்னுக்கு வருகிறேன், ஏனென்றால் நேரக் கட்டுப்பாடு இருப்பது இதில்தான். விட்டதைச் சேர்த்துப் புதுப்பிப்பு ரிட்டர்ன் போட இப்போது 48 மாதம் அவகாசம் உண்டு. உங்களுக்குரிய மதிப்பீட்டு ஆண்டு, அதாவது சம்பாதித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, 2025 மார்ச் 31-இல் முடிந்தது. அங்கிருந்து ஓராண்டுக்குள் என்றால் வரி, வட்டியின் மேல் 25 விழுக்காடு கூடுதல், இரண்டாண்டுக்குள் 50, மூன்றாண்டுக்குள் 60, நான்காண்டுக்குள் 70. அந்த மாதங்களின் சம்பளத்துக்கு சிங்கப்பூரில் வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். இதில் எல்லாரும் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது: வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தப்படி வந்த தகவலை வைத்து வரித் துறை உங்களுக்குத் தெரிவித்துவிட்ட பிறகு, அந்த ஆண்டுக்கு இந்தக் கதவு மூடிவிடும். ஆகவே கடிதம் வரும் வரை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே இருக்காதீர்கள்.

வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாததற்குக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் என்று யூடியூபில் பார்த்துத் தூக்கம் போனதாக எழுதியிருக்கிறீர்கள். நிலம், வீடு தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்கு உட்பட்டால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் 1 முதல் திருத்திவிட்டார்கள். சில மாதச் சம்பளம் கிடந்த கணக்கு அதன் பக்கத்தில்கூட வராது. தூங்குங்கள். நான்-ரெசிடென்ட் ஆன ஆண்டுகளுக்கு அந்தப் பட்டியலே தேவையில்லை.

அந்த 2023-24 காலத்துக்கே சிங்கப்பூரும் உங்களைக் குடியிருப்பாளர் என்று சொன்னால், இந்தியா-சிங்கப்பூர் வரி ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் பொருளாதாரமும் எங்கே, வழக்கமாக இருப்பது எங்கே என்று வரிசையாகக் கேட்டு ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்கும். சிலர் இதைக் காட்டி, கிளம்பிய பிறகான சம்பளத்துக்கு விலக்குக் கேட்கிறார்கள். மனைவி, பிள்ளை, வீடு எல்லாம் சிவகங்கையில் இருக்கும்போது அந்த வாதம் வலுவாக நிற்காது என்பது என் எண்ணம். உங்கள் ஆடிட்டர் காகிதங்களைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

வளைகுடாவில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக: இந்தியாவிலிருந்து வரும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் விதி மாறுகிறது. ஊருக்கு வந்து தங்கும் வரம்பு 182-இலிருந்து 120 நாளாகும். வேறு எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனாக இருந்தால், ஒரு நாள்கூட வராவிட்டாலும் ரெசிடென்ட் என்றே கருதப்படுவார். 2020 பட்ஜெட்டில் இது வந்தபோது வளைகுடாவில் பெரும் பீதி. மறுநாளே, பிப்ரவரி 2 அன்று, அங்கே உண்மையாக உழைப்பவர்களின் சம்பளத்தைத் தொடும் நோக்கமில்லை என்று வாரியம் விளக்கம் கொடுத்தது. இப்படிக் கருதப்படுபவர் முழு ரெசிடென்ட் ஆவதில்லை. வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வரி வராது. வாடகையும் வட்டியுமாக 15 லட்சத்தை நெருங்குபவர்கள் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகல், விமானச் சீட்டுகள், வேலை அனுமதி, ஒவ்வோர் ஆண்டின் சிங்கப்பூர் வரி மதிப்பீட்டு அறிவிப்பு. சிங்கப்பூர் இப்போது முத்திரை குத்துவதில்லை. பயணம் பற்றி வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடாதீர்கள். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் விவரத்தில் "நான்-ரெசிடென்ட்" என்று மாற்றுவதையும் இதோடு செய்துவிடுங்கள்.

ஒருநாள் ஊரோடு வந்துவிடுவீர்கள். வருவதற்கு முந்தைய ஆண்டே ஆடிட்டரைப் பாருங்கள், ஏனென்றால் நிரந்தரமாகத் திரும்பும் ஆண்டில் அந்த 182 நாள் சலுகை கிடைக்குமா, 60 நாள் கணக்கா என்பதில் சர்ச்சை இருக்கிறது. திரும்பியதும் என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். அன்றிலிருந்து அந்த வட்டி வரிக்குரியது. சிங்கப்பூரில் கணக்கை மூடாமல் வந்தால், அந்த வங்கியின் படிவத்தில் அப்போதுதான் "இந்தியா" என்று எழுத வேண்டும்.